மூளி வரும்வரை நிற்கட்டும்

ஓடைக்கு அக்கரையில் உடைமுள் காடு, இக்கரையில் ஊர், நடுவில் தண்ணீர் எப்போதாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அப்படி இருந்த காலமாம் அது. ஊருக்குப் பேர் ஊசிமேடு. கரிசல் பூமி. நனைந்தால் காலை விடாது, காய்ந்தால் காலைக் கீறும். அந்த ஊரில் முப்பிடாதி என்று ஒருத்தி இருந்தாளாம்.

கோபக்காரி. கோபம் என்றால் உலை கொதிப்பதற்குள் வந்து போகிற கோபம் இல்லை. எருக்கிடங்கில் மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே கையை விட்டால் சுடும் இல்லையா, அந்த மாதிரிக் கோபமாம். பிறக்கும்போதே கொண்டுவந்த கோபமா? இல்லை. அவளைக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் வந்த கோபம்.

கிழக்கே ஏதோ ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் பாம்பு தீண்டிப் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்த கையோடு அவளை வண்டியில் ஏற்றி, முன்னும் பின்னும் படுதாவை இறக்கி, ஊசிமேட்டு ஓடைக்கரையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். மாமனார்க்காரன் வண்டியை விட்டு இறங்கவில்லையாம். இருந்த இடத்திலிருந்தே சொன்னானாம்: "நாங்க விரட்டல. கொண்டாந்து விட்டிருக்கோம்."

அவளுக்கு ஒரே அண்ணன், வண்டிமலையான். அவன்தான் ஊருக்கு நாட்டாமை. பொன்னேர் பூட்டுகிற வீடும் அவன் வீடுதான்.

பொன்னேர் என்றால் சித்திரை பிறந்ததும் நாள் பார்த்து ஊர் மொத்தமும் சேர்ந்து பூட்டுகிற முதல் ஏர். நாட்டாமை மாடு முன்னால் போகும், மற்ற மாடெல்லாம் பின்னால் போகும். ஆம்பளைகள் அத்தனை பேர் கையிலும் மஞ்சள் காப்பு இருக்கும். ஊசிமேட்டில் அதற்குச் சட்டம் உண்டு. பூட்டிய மாட்டை உழாமல் அவிழ்க்கக் கூடாது. பூட்டிய மாட்டைத் திருப்பக் கூடாது. காப்புக் கட்டியவன் தாலி அறுத்தவளைத் தொடக் கூடாது. எதிரே அவள் வரக் கூடாது, குறுக்கே பூனை போகக் கூடாது. அன்றைக்குத் தாலி அறுத்தவர்களை வீட்டுக்குள் விட்டு வெளியே நாதாங்கி போட்டுவிடுவார்களாம். பூனைகளைக் கூடையைப் போட்டுக் கவிழ்த்து வைப்பார்களாம்.

அண்ணன்காரன் தங்கச்சியைப் பார்த்துச் சொன்னான்: "ஏளா முப்பிடாதி, நீ எங்கயும் போவாண்டாம். அக்கரையில பருத்திக் காவலுக்குப் போட்ட குடிசை சும்மாத்தானே கெடக்கு. அதுல இரு. கஞ்சிக்குத் தானியம் வந்துரும். நான் ஒன்னைத் தள்ளி வைக்கல. கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுதேன்."

"தள்ளின்னா எவ்வளவு தள்ளி?"

"கண்ணுக்குத் தெரியாத தூரம்."

"யாரு கண்ணுக்கு?"

"பொன்னேர் மாட்டுக் கண்ணுக்கு."

"மாடு சொல்லிச்சா?"

அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்தாள். அன்றிலிருந்து அவனை அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. "நாட்டாமை" என்றுதான் கூப்பிடுவாளாம், ஊரான் கூப்பிடுகிற மாதிரி.

இப்படி இருக்கையில் ஒரு சித்திரை. பொன்னேர் கிளம்பியாயிற்று. எந்தக் கூடையிலிருந்து நழுவியதோ, ஒரு பெட்டைப் பூனை தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. அதற்கு அந்தப் பக்கம் ஏதோ வேலை. போனது, அவ்வளவுதான். நாட்டாமை ஏரில் இடப்பக்கம் பூட்டிய மாடு மிரண்டு கால் மடங்கி விழுந்தது. முழங்கால் பெயர்ந்துவிட்டது.

மாட்டை நொண்டிக்கொண்டே உழவைத்தார்கள். சட்டம் அப்படி. பொழுது சாய்வதற்குள் ஊர் கூடியது.

"பூனையைத் தொலைக்கணும்."

"ஒண்ணையா, எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"கொன்னா பாவம்லா. பூனையைக் கொன்னா பொன்னுல பூனை செஞ்சு தானம் கொடுக்கணும்னு சொல்லுவாவ. யாருகிட்ட இருக்கு பொன்னு?"

அப்போது பலவேசம் என்று ஒருத்தன் எழுந்தானாம். நாட்டாமை வீட்டு வேலையெல்லாம் பார்க்கிறவன். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பான். "கொல்லுவானேன்? சாக்குல கட்டி அக்கரைக்குக் கொண்டுபோயி விட்டுருவோம். சாக்கைத் தலைக்கு மேல கிறுகிறுன்னு சுத்திட்டு அவுத்துவிட்டா வந்த வழி மறந்துரும். செத்தா அதுவா சாவும். நம்ம மேல பாவம் இல்ல."

ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. கொல்லவில்லை, கொண்டுபோய் விடுகிறோம்.

அக்கரையில் முப்பிடாதி குடிசை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம். வரிசையாக வந்தார்கள். சாக்கு ஒவ்வொன்றும் உள்ளேயிருந்து கத்தியது. ஆளுக்கொரு சாக்கைத் தலைக்கு மேலே சுற்றி, உடைமுள்ளுக்குள் வாயை அவிழ்த்துக் கொட்டினார்கள். பூனைகள் நேராக நடக்க முடியாமல் கோணிக் கோணிப் போய் முள்ளில் மோதின. சில பேர் சிரித்தார்கள், சில பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பிக்கொண்டவர்களும் சாக்கு கொண்டுவந்தவர்கள்தான்.

"ஏலே பலவேசம்! தண்ணி இல்லாத காட்டுல கொண்டாந்து விடுதிய. இதுக்குக் கழுத்தைத் திருகிப் போடுங்களேன்!"

"ஐயோ யக்கா, பாவம்லா அது!"

"தூ!" என்றாளாம்.

வெயில் காலம். பூனைகள் சில ஓடை தாண்டித் திரும்பிப் போயின. மறுபடி சாக்கு, மறுபடி சுற்று. சில வேறு ஊர் பார்த்துப் போயின. மற்றவை முள்ளுக்குள்ளேயே அடங்கிப்போயின. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் முப்பிடாதி கஞ்சி குடிக்கமாட்டாளாம். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. குறுக்கே போன அதே பெட்டைப் பூனை. வலது காது பாதி அறுந்து தொங்கிப் பிறகு விழுந்தும்விட்டது. மூளிக் காது.

ஊரில் முப்பிடாதியைப் பின்னால் எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? மூளி என்பார்கள். காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லாதவளை அப்படிச் சொல்கிற ஊர். அவள் அந்தப் பேரை எடுத்து அப்படியே பூனைக்கு வைத்தாளாம். சத்தமாகக் கூப்பிடுவாளாம், இக்கரைக்குக் கேட்கட்டும் என்று. "ஏட்டி மூளி!"

பூனை வந்ததா? வரவில்லை. மனுஷக் குரல் கேட்டால் அது முள்ளுக்குள் இன்னும் ஒரு முழம் பின்னால் போகும்.

கருவாட்டுக்காரியிடம் பருத்தியைக் கொடுத்துக் கருவாட்டுத் தலை வாங்கிச் சிரட்டையில் வைத்தாள். வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தாள். பூனையும் முள்ளுக்குள் உட்கார்ந்து அவளைப் பார்த்தது. வெயில் உச்சிக்கு வந்தது, இறங்கியது. எறும்பு வந்து தலையைத் தின்றுவிட்டுப் போனது. மறுநாளும் அப்படி. அதற்கடுத்த நாளும் அப்படி.

ஒருநாள் அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "தின்னா தின்னு, தின்னாட்டிப் போ! ஒனக்கு என்ன நான் சாக்கா கொண்டாந்தேன்?" என்று கத்திவிட்டு, சிரட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் ஒரு சத்தம். கருக், கருக். மீன்முள் நொறுங்குகிற சத்தம். அவள் திரும்பவில்லையாம். முகத்துக்கு வராத பூனை முதுகுக்கு வந்தது. அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு எதிரே இருந்த ஊரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு அவளுக்கு விளங்கியது. இதைக் கூப்பிடக் கூடாது. விரட்டக் கூடாது. கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது. இருக்க வேண்டும், அவ்வளவுதான். வந்தால் வரும்.

ஆனாலும் பத்தடிக்குக் கிட்டே வராது. ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கூலிக்குப் பருத்தி எடுக்கப் போகிறவள். ஒருநாள் எடுத்த பருத்தியைச் சாக்கில் போட்டுத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தாள். குடிசைப் பக்கம் வந்திருந்த மூளி சாக்கைப் பார்த்தது. பார்த்த இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டு ஓடியதாம். முப்பிடாதி சாக்கை இறக்கி வைத்தாள். அது தன் சாக்குதான், வேறு யாருடையதும் இல்லை. பருத்தியைக் கீழே கொட்டினாள். சாக்கை அடுப்பில் வைத்தாள். அவள் படுத்திருந்ததும் சாக்குத்தான். அதையும் வைத்தாள். அன்றிலிருந்து வெறும் தரையில்தான் படுக்கை. பருத்தியைப் பழைய சேலையில் போட்டு, முடிச்சுப் போடாமல், நாலு மூலையையும் கையில் பிடித்துக்கொண்டு வருவாளாம்.

"கிறுக்கு பிடிச்சிருச்சு, பருத்தியைச் சிந்திக்கிட்டுப் போறா" என்று ஊர் சிரித்தது. அவள் சட்டை பண்ணவில்லை.

பத்தடி எட்டடி ஆயிற்று. எட்டடி ஒரு கை தூரம் ஆயிற்று. தண்ணீர் எடுக்கப் போனால் பின்னாலேயே வரும், வராத மாதிரி. அவள் நின்றால் அது நின்று காலை நக்கும். ஒருநாள் மத்தியானம் அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருக்கும்போது, குதிகாலில் என்னவோ பட்டது. சூடாக, கொஞ்சம் பலமாக. மூளி தலையை வைத்து முட்டிக்கொண்டிருந்தது. அவள் காலை அசைக்கவில்லை. கால் மரத்துப்போயிற்று, அப்போதும் அசைக்கவில்லை. புருஷன் செத்த பிறகு ஓர் உயிர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவையாம்.

அதனால் கோபம் போயிற்றா? அதெப்படிப் போகும்? வாராவாரம் தானியம் கொண்டுவந்து ஓடைக்கல்லில் வைக்கிற பலவேசத்தைத் திட்டுகிற திட்டு குறையவே இல்லை. முதலில் அவள் வாயைத் திறந்தாலே மூளி ஓடிவிடும். பிறகு ஓடவில்லை. அவள் ஓடைக்கரையில் நின்று கையை ஓங்கிக் கத்துவாள், அது அவள் காலடியில் உட்கார்ந்து முகம் கழுவும். பூனைக்குக் கோபம் தெரியும். அது யார் மேல் என்பதும் தெரியும்.

மார்கழி போய்த் தை வந்தது. எந்த ஊர்க் கடுவன் பூனையோ வந்து போனது, மூளிக்கு வயிறு சரிந்தது. குடிசைக்குள், அவள் தலைமாட்டில், பழைய சேலையின் மேல் நாலு குட்டி போட்டது. நாலில் ஒன்றைத் தானே கவ்விக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டுவிட்டு, தண்ணீர் குடிக்கப் போயிற்றாம். பார்த்துக்கொள் என்கிற மாதிரி.

அதே நேரத்தில் இக்கரையில் என்ன நடந்தது, அதையும் கேளுங்கள்.

ஊசிமேட்டில் விதை முழுவதும் ஒரே இடத்தில் இருக்கும். விதைவீடு என்று பேர். ஆள் உயரத்துக்கு மண்ணால் செய்த குலுக்கைகளில் கம்பு, சோளம், உளுந்து என்று போட்டு, வாயைச் சாணி வைத்து மெழுகியிருப்பார்கள். மேல்வாயைத்தான் மெழுகினார்கள். எலி அடிவயிற்றில் துளை போட்டது. பூனை இல்லாத ஊர். எலிக்கு யாரைக் கேட்க வேண்டும்? கூரையில் எலி, கோவில் திரியில் எலி, தூங்குகிறவன் குதிகாலில் எலி. கலப்பை வாரைத் தின்றது. நாட்டாமை பெஞ்சாதி ஆவுடை முறுக்குப் பானையைத் திறந்தால் உள்ளே எலி உட்கார்ந்து அவளைப் பார்த்ததாம், யாரு நீ என்று.

பங்குனி கடைசியில் பொன்னேருக்கு விதை எடுக்க ஒரு குலுக்கையைத் திறந்தார்கள். கையை விட்டால் உமி வந்தது. இன்னும் ஆழமாக விட்டால் எலி கடித்தது.

வண்டிமலையான் அன்றைக்கு ஓடைக்கரைக்கு வந்தான். கடக்கவில்லை. கரையில் நின்று குரல் கொடுத்தான்.

"ஏளா முப்பிடாதி! ஒங்கிட்ட பூனை இருக்காமே!"

"எந்தப் பூனை நாட்டாமை?"

"ஒம் பூனை."

"எம் பூனை ஏது? ஊர்ப் பூனையை ஊர் கொண்டாந்து விட்டுச்சு. அதுல சாகாதது ஒண்ணு இருக்கு. அதைக் கேக்கீரா?"

"வெதையெல்லாம் போவுதுளா. ஊரு பட்டினி கெடக்கும்."

"நான் கெடக்கலையா? கொண்டாந்து விட்டது வந்த வழி மறந்துட்டுன்னு ஊருல போயிச் சொல்லும்."

அவன் போய்விட்டான். போனவன் சும்மா இருந்தானா? முப்பிடாதி பருத்திக்குப் போன நேரம் பார்த்துப் பலவேசத்தை அனுப்பினான். எதைக் கொடுத்து அனுப்பினான்? சாக்கைக் கொடுத்து. அந்த ஊருக்கு அது ஒன்றுதான் தெரியும்.

பலவேசம் தாய்ப்பூனையைப் பிடிக்கக் கையை நீட்டினான். மூளி அவன் முகத்தை மேலிருந்து கீழாகக் கிழித்தது. கண் தப்பியது ஊர்ச் சாமி ஆவுடையப்பன் புண்ணியம் என்பார்கள். ரத்தம் வழிய வழிய ஒரு குட்டியை மட்டும் சாக்கில் போட்டுக்கொண்டு ஓடினான்.

கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆன குட்டி. பால்குடி. அதைக் கொண்டுபோய் விதைவீட்டுக்குள் விட்டு, ஓடிவிடக் கூடாதென்று கதவைச் சாத்தி வெளியே நாதாங்கி போட்டார்கள். பூனைதானே, எலியைப் பிடிக்கும் என்று போய்ப் படுத்துக்கொண்டார்கள். மாடு வளர்க்கத் தெரிந்த ஊர். ஆடு வளர்க்கத் தெரிந்த ஊர். பால்குடியைத் தாயிடமிருந்து பிரித்தால் என்ன ஆகும் என்று கன்றுக்குட்டியில் தெரியும் அவர்களுக்கு, பூனைக்குட்டியில் தெரியாது.

விடிந்து திறந்தார்கள். எலி பூனையைத் தின்றிருந்தது. உலகத்தில் எங்கேயாவது உண்டா? ஊசிமேட்டில் உண்டு.

முப்பிடாதிக்கு அந்தச் சேதியைப் பலவேசம்தான் சொன்னானாம், ஓடைக்கல்லில் தானியத்தை வைத்துவிட்டு, கட்டுப்போட்ட முகத்தோடு. அன்றைக்கு அவள் திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்ததாம்.

அவள் திட்டினாலும் காலடியில் உட்கார்ந்து முகம் கழுவ அங்கே மூளி இல்லை. சாக்கு வந்த அன்றே மிச்சக் குட்டிகளைக் கவ்விக்கொண்டு முள்ளுக்குள் போய்விட்டது. சிரட்டையில் வைத்த தலை அப்படியே கிடந்தது. அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கருக் என்ற சத்தம் வரவில்லை. எறும்பு வந்தது. அவள் இல்லாத நேரத்தில் அவள் குடிசைக்குள் சாக்கு வந்திருக்கிறது. பூனைக்கு அவளும் ஊர்தான். அப்படி நினைத்தால் அதில் என்ன தப்பு? முள்ளுக்குள் ரெண்டு கண் தெரியும் சில நேரம். அவள் பார்த்ததும் அணைந்துபோகும்.

"சம்பாதிச்சது ஒண்ணே ஒண்ணு. அதையும் சாக்குல கட்டிட்டான்" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளாம்.

சித்திரை பிறந்தது. பொன்னேர் வந்தது.

காலையில் ஊர் குளித்து மஞ்சள் காப்புக் கட்டியது. தாலி அறுத்தவர்களை உள்ளே விட்டு நாதாங்கி போட்டது. கூடை போட்டுக் கவிழ்க்கப் பூனை இல்லை. மாடுகளைப் பூட்டி, முன்னால் நாட்டாமை, பின்னால் மற்றவர்கள் என்று வரிசை கிளம்பியது. ஊர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், ஓடையை ஒட்டி ஒரு பாதை. ரெண்டு பக்கமும் முள்வேலி. ஒரு ஏர் போகலாம், அவ்வளவுதான் அகலம்.

அந்தப் பாதையின் நடுவில் முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள்.

ஓடையைக் கடந்து வந்து, மாட்டுக்கு முதுகைக் காட்டி, அக்கரை முள்ளைப் பார்த்து, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பொன்னேர் வீட்டில் பிறந்தவள் இல்லையா? எந்த இடத்தில் உட்கார்ந்தால் மாடு முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது என்று அவளுக்குத் தெரியும்.

"அடியே! எந்திரி!" என்று கத்தினான் வண்டிமலையான்.

"மாட்டுக் கண்ணுக்கு இப்பத் தெரியுதேனா?"

"நல்ல நாளும் அதுவுமா... ஊரைக் கெடுக்கவா வந்தே?"

"ஊரா? அது எங்க இருக்கு?"

சாட்டையை ஓங்கினான். அவள் திரும்பவில்லை. "அடியும். அக்கரையில இருந்து ஒருத்தி பாத்துக்கிட்டிருக்கா. நீரு யாருன்னு அவளுக்கு ஏற்கெனவே தெரியும்" என்றாளாம். ஓங்கிய சாட்டை அப்படியே நின்றது. சாட்டையும் கையும் ஒன்றுதான், பட்டால் தொட்டதாகிவிடும். கையில் காப்பு. பின்னால் நிற்கிறவன் கையிலும் காப்பு. ஊரில் ஓர் ஆம்பளை கை வெறுங்கை இல்லை.

"ஆவுடை! ஏ ஆவுடை! நீ வந்து இவளை இழுத்துப் போடு!"

ஆவுடை வந்தாளாம். நாத்தனாருக்கு வாராவாரம் தானியம் அளந்து அனுப்பியவள், ஒருதடவைகூட ஓடைவரை கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. அவள் முப்பிடாதியின் முதுகைப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு அடுப்புல உலை கெடக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

"என்னளா வேணும் ஒனக்கு? சொல்லித் தொலை!"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஒமக்குத்தான் பூனை வேணும். இங்க பாரும் நாட்டாமை. சாக்குல கொண்டாந்தா அது பூனை இல்ல, பொணம். ஒரு குட்டியில பாத்தாச்சு. அது வந்தா தன் காலால வரணும். இந்த மாட்டுக்குக் குறுக்க வரணும். அதுவரைக்கும் இந்த ஏரு நகராது."

"அப்பக் கூப்பிடு அதை!"

"கூப்பிடக் கூடாது."

பலவேசம் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்: "முள்ளுக்குள்ள ரெண்டு கல்லை விட்டா தானா வந்துரும் யக்கா..."

"வெரட்டக் கூடாது. பால் காட்டக் கூடாது. மொறைச்சுப் பாக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. எனக்கு என்ன சட்டமோ அதுதான் ஒங்களுக்கும். நான் ஒரு வருசம் உக்காந்தேன். நீங்க நில்லுங்க."

"வராட்டி?"

வருமா, வராதா? அவளுக்கே தெரியாது. சிரட்டையில் தலை தொடாமல் கிடந்தது அவளுக்குத்தான் தெரியும். அவள் சொன்னாள்: "வராட்டி அது பக்கம் ஞாயம் இருக்கு. நானும் எந்திரிக்க மாட்டேன்."

நின்றார்கள்.

வெயில் ஏறியது. மாடு வாலை வீசியது. ஆள் நெற்றிக் குங்குமம் வழிந்து மூக்கில் இறங்கியது. துடைக்கவும் பயம், அசைந்தால் பூனை மிரளும் என்று. பூனை குறுக்கே வந்துவிடக் கூடாதே என்று கும்பிட்ட ஊர், வந்துவிட வேண்டுமே என்று கும்பிட்டது. நாதாங்கி போட்ட வீடுகளுக்குள்ளிருந்து பெண்கள் பலகணி வழியாகப் பார்த்தார்கள். ஒருத்தி உள்ளே சிரித்தாளாம், தெருவுக்கே கேட்டதாம்.

ஒருத்தன் முணுமுணுத்தான்: "மாடு தாகத்துல செத்துப்போவும்."

"மாட்டுக்குத் தண்ணி காட்டு. நீ நில்லு" என்றாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. நிழல் காலுக்கடியில் போயிற்று. முப்பிடாதி உதடு வெடித்திருந்தது. அவள் கண்ணைத் தாழ்த்தி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முள்ளை நேராகப் பார்க்காமல். மனசுக்குள் என்ன சொன்னாளோ யாருக்கும் தெரியாது. கும்பிட்டிருக்க மாட்டாள். அவள் அந்த ஊர்ச் சாமியோடும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

நிழல் மறுபக்கம் நீளத் தொடங்கியபோது, அக்கரை முள் அசைந்தது. காற்று இல்லை. ஆனாலும் அசைந்தது.

மூளி வந்தது. வாயில் ஒரு குட்டி. வறண்ட ஓடைக்குள் இறங்கியது. நடுவில் நின்று இத்தனை மாட்டையும் இத்தனை ஆளையும் பார்த்தது. பிறகு கரையேறி, வேலிச் சந்தில் நுழைந்து, நாட்டாமை மாட்டின் மூக்குக்கு நேரே குறுக்காக நடந்து, குட்டியை முப்பிடாதி மடியில் போட்டது. போட்டுவிட்டுத் திரும்பிக் குறுக்காகப் போயிற்று. ஓடையைத் தாண்டியது. ரெண்டாவதைக் கொண்டுவந்தது. குறுக்கே. திரும்பிப் போனது. குறுக்கே. மூன்றாவதைக் கொண்டுவந்தது. ஒருதடவை குறுக்கே போனதற்கு ஊர்ப் பூனையையெல்லாம் காட்டில் கொட்டியவர்கள், வாயை மூடிக்கொண்டு அத்தனை தடவையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாடு மிரளவில்லை. மாட்டுக்கு என்ன?

மூளி கடைசியில் அவள் குதிகாலில் ஒரு முட்டு முட்டியது. முப்பிடாதி அழுதாளாம். கோபத்தில் அழுதாள் என்றுதான் சொல்வார்கள். அதுவும் நம்பக்கூடியதுதான்.

அவள் எழுந்து வழி விட்டாள். குட்டிகளை மடியில் ஏந்திக்கொண்டு, தாய் பின்னால் வர, தெரு நடுவில் நடந்து விதைவீட்டுக்குப் போனாள். கதவை விரியத் திறந்தாள். நாதாங்கியைப் பிடுங்கி ஓடையில் வீசினாள். "இது தெறந்தே கெடக்கணும். போகணும்னு நெனச்சா போகும், இருக்கணும்னு நெனச்சா இருக்கும்" என்றாள்.

மிச்ச விதை தப்பியது. மழை பெய்ததா என்று கேட்பார்கள். பெய்தது. பெய்கிற வருஷம், பெய்தது. பூனைக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்?

அன்று சாயங்காலம் வண்டிமலையான் முதல்தடவையாக ஓடையைக் கடந்து குடிசைக்குப் போனானாம். "வீட்டுக்கு வந்துரு முப்பிடாதி. நடந்தது நடந்துபோச்சு."

"நடந்துபோகல. நீரு கொண்டாந்து விட்டீரு."

"அண்ணன்னு ஒருதடவ கூப்பிடுளா."

அவள் திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பூனைக்குக் காட்டியது ஒரு முதுகு, அவனுக்குக் காட்டியது வேறு முதுகு. அவன் அங்கேயே நின்றான். நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள். பொழுது அடைந்த பிறகு போனானாம். மறுநாளும் வந்து நின்றானாம். அதற்கு மேல் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்வதில்லை. குட்டிகள் எலி பிடிக்கக் கற்றுக்கொண்ட பிறகு, மூளி ஒருநாள் தன் காலால் ஓடையைத் தாண்டி அவளிடமே போய்விட்டது என்று மட்டும் சொல்கிறார்கள்.

அவள் செத்த பிறகு ஊர் அவளுக்குக் கல் நட்டுச் சேலை சாத்தப் பார்த்ததாம். உயிரோடு இருக்கையில் ஒரு சேலை எடுத்துக் கொடுக்காத ஊர். கிழவனாகிப்போன பலவேசம், முகத்தில் அந்தக் கோட்டோடு எழுந்து, "கல்லு நட்டா அவளை மறுபடியும் ஒரு எடத்துல கொண்டுபோயி விட்டதாயிரும்லே" என்றானாம். கல் நடவில்லை. அந்தப் பாதைக்கு மட்டும் மறிச்ச பாதை என்று பேர் நின்றுவிட்டது.

இன்றைக்கும் ஊசிமேட்டில் பொன்னேர் அன்று எந்த வீட்டுக்கும் நாதாங்கி போடுவதில்லை. யாரும் வாய் கட்டிய சாக்கைத் தெருவில் தூக்கக் கூடாது. மாட்டைப் பூட்டி மறிச்ச பாதையில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒரு பூனை குறுக்கே போகிறவரை ஏர் நகராது. கூப்பிடக் கூடாது, விரட்டக் கூடாது, பால் காட்டக் கூடாது. சில வருஷம் சீக்கிரம் வந்துவிடும். ஒரு வருஷம் பொழுது சாய்ந்தும் வரவில்லையாம். டிராக்டரில் வந்த இளவட்டம் ஒருத்தன் எஞ்சினை அணைத்துவிட்டு, எவ்வளவு நேரம்தான் இப்படி நிற்பது என்று கேட்டானாம்.

பக்கத்தில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்களாம்:

"நிக்கட்டும்."